கால் அங்குலம் குறைந்த விறகடுப்பு

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு விறகடுப்பைப் பார்த்தேன். முழுக்க வார்ப்பிரும்பு. கதவில் கொடி வேலைப்பாடு. வால்பாறை எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்ததாம். "இங்கிலீஷ் அடுப்புங்க" என்றார் கடைக்காரர். ஆனால் செய்தவர் பெயர் எங்கும் இல்லை.

இப்படிப்பட்ட அடுப்பில் முதலில் கதவைக் கழற்றி உள்பக்கக் கரியைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். உடைந்த பாகத்துக்கு மாற்று வாங்க வசதியாகப் பாக எண்களை அங்கேதான் வார்த்து வைப்பார்கள். பிரிட்டிஷ் சரக்கென்றால் வடிவத்தைப் பதிவு செய்த முத்திரையும் இருக்கலாம்: 1842 முதல் 1883 வரை சாய்சதுரம், 1884 முதல் வெறும் எண். அதை வைத்து பதிவு செய்தவரைத் தேடிப் பிடித்துவிடலாம்.

இதில் இரண்டுமே இல்லை. காலில் இருந்த அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை; அமெரிக்க போல்ட் என்றால் 13 இருக்கும். ஆக, விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் தர அளவு மரை. ஆனால் கோயமுத்தூர்ப் பட்டறைகளிலும் வெகுகாலம் அதே மரைதான் ஓடியது. அதனால் இது எதையும் முடிவு செய்யாது.

அப்புறம் டேப்பை எடுத்தேன். மேல் தகடு 23¾ அங்குலம், கதவு 11⅞ அங்குலம். இரண்டுமே ஒரு முழு எண்ணுக்குச் சற்றுக் குறைவு, அதுவும் ஒரே விகிதத்தில்!

உருகிய இரும்பு மணல் அச்சில் இறுகிக் குளிரும்போது அடிக்கு ஏறக்குறைய ⅛ அங்குலம், அதாவது சுமார் 1 சதவீதம் சுருங்கும். அதனால் மணலில் பதித்து அச்செடுக்கும் மாதிரியை, அதாவது பேட்டர்னை, செய்பவர் மரத்தில் அந்த அளவு கூட்டியே செதுக்குவார். 24 அங்குலத் தகடு வேண்டுமென்றால் பேட்டர்ன் 24¼ இருக்கும். ஆனால் செய்து முடித்த அடுப்பையே பேட்டர்னாக மணலில் பதித்தால்? அது ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதிலிருந்து வரும் நகல் இன்னொரு முறை சுருங்கும். 24 அங்குலம் 23¾ ஆகும், 12 அங்குலம் 11⅞ ஆகும்.

பீளமேட்டில் வெகுகாலம் மோல்டராக, அதாவது வார்ப்புக்கு மணல் அச்சு செய்பவராக, இருந்த பெரியவர் ஒருவரிடம் கதவைக் காட்டினேன். கொடியின் இலை நரம்பைக் கட்டைவிரலால் தடவினார். "நரம்பு மழுங்கியிருக்குதுங்க. காஸ்டிங்கிலிருந்து எடுத்த காஸ்டிங்" என்றார். அதாவது, வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பு. கதவின் நடுவே விரலளவு வழவழப்பான பட்டை ஒன்று இருந்தது. மணலில் பதிக்கும் முன் மூலத்தின் பெயரை அங்கேதான் அரத்தால் ராவி எடுத்திருப்பார்கள் என்றார்.