எஃப் 1 அழுத்தும் முன் அந்த வரியைப் படியுங்கள்

பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "திரையில் என்ன எழுதியிருந்தது?" என்பதைத்தான். "கறுப்புத் திரையில ஏதோ வந்துச்சு, எஃப் 1 அழுத்தச் சொல்லுச்சு, அழுத்திட்டேன்" என்பார்கள். அந்த 'ஏதோ' என்னவென்று தெரியாமல் வீட்டிலேயே ஃபார்மட் வரை போனவர்களும் உண்டு.

தட்டச்சு வேலை செய்யும் ஓர் அம்மா ஒருநாள் கேபினெட்டோடு வந்தார். விண்டோஸ் பாதி வந்து, நீலத்திரை காட்டி, மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது. ஃபார்மட் செய்யாமல் முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பதினோரு வருஷ வேலை முழுக்க அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான். வேறெங்கும் நகல் இல்லை.

"இதுக்கு முன்னாடி வேற ஏதாவது மெசேஜ் வந்துச்சாம்மா?"

"பத்து நாள் ஊர்ல இல்ல தம்பி. எல்லா பிளக்கையும் பிடுங்கிட்டுத்தான் போனேன். வந்து போட்டா ஏதோ செக்சம்னு காட்டுச்சு. எஃப் 1 அழுத்தினேன். அப்புறம்தான் இப்படி."

அந்தச் செக்சம் என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும்: சி.ஆர். 2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் பயாஸ் (சுவிட்ச் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டில் பதிந்த புரோகிராம்) அமைப்புகளையும் காப்பாற்றுவது அதுதான். மல்டிமீட்டரில் அவருடையது 2.1 வோல்ட் காட்டியது. பிளக் செருகியே இருந்தவரை எஸ்.எம்.பி.எஸ். (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் பெட்டி) தரும் ஸ்டாண்ட்பை மின்சாரம் அந்த வேலையைச் செய்துவந்ததால், பேட்டரி செத்தது வெளியே தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கியதும் எல்லாம் அழிந்துவிட்டது. "சிமாஸ் செக்சம் எரர், டீஃபால்ட்ஸ் லோடட்" என்றால், சிமாஸ் என்ற நினைவகத்தில் சேமித்து வைத்த அமைப்புகள் கணக்கில் ஒத்துவரவில்லை, அதனால் தொழிற்சாலை அமைப்புக்கே திரும்பிவிட்டேன் என்று போர்டு சொல்கிறது. அந்தப் போர்டின் தொழிற்சாலை அமைப்பில் சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, 'ஐ.டி.இ.', விண்டோஸ் போட்டபோது இருந்ததோ 'ஏ.எச்.சி.ஐ.'. முறை மாறியதால் டிஸ்க்கோடு பேச முடியாமல் விண்டோஸ் நின்றுவிட்டது. புது பேட்டரி போட்டு, பயாஸ் அமைப்புகளை மாற்றும் செட்டப் திரையில் அந்த ஒரு வரியை மாற்றி, தேதியைச் சரிசெய்ததும் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்தது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

பேட்டரி போனால் வேறு வேஷங்களிலும் தெரியும். தேதி பல வருஷம் பின்னால் போய்விட்டால், இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் எச்சரிக்கும். வைரஸ் என்று பயந்துவிடுவார்கள். ஃபிளாப்பி டிரைவே இல்லாத மெஷினில் "ஃபிளாப்பி டிஸ்க் ஃபெயில் 40" வரும். டீஃபால்ட் அமைப்பு ஃபிளாப்பி இருப்பதாக நம்புவதுதான் காரணம். கழற்றிய பேட்டரியை மேஜைமேல் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். இதை நான் பேட்டரி மாற்றும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

சுவிட்ச் போட்டதும் பயாஸ்தான் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறது. போஸ்ட் என்பது இந்தச் சோதனைதான். கிராபிக்ஸ் எழுவதற்கு முன்பே தடங்கல் வந்தால் எழுதிக் காட்ட வழியில்லை; அதனால் பீப் அடிக்கும். ஆக, திரையில் எழுத்து வந்துவிட்டாலே பிராசஸர், ராம், கிராபிக்ஸ் மூன்றும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பீப் மட்டும் வந்தால் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவார்டு பயாஸில் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்றால் கிராபிக்ஸ்; ஏ.எம்.ஐ. பயாஸில் மூன்று பீப் என்றால் ராம். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும் என்பதால் பயாஸ் பெயர் தெரியாமல் பீப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ராம் என்று தெரிந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கழற்றித் துடைத்து, கிளிப் சத்தத்தோடு பூட்டும் வரை அழுத்திச் செருகிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

"டிஸ்க் பூட் ஃபெயிலியர்" வந்தால் முதலில் பென் டிரைவைப் பிடுங்குங்கள். அடுத்து, பயாஸ் செட்டப்பில் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா பாருங்கள். பெயரே இல்லையென்றால் பெரும்பாலும் கேபிளோ, பவர் இணைப்போ, டிஸ்க்கோதான். பெயர் இருந்தால் பூட் வரிசையைப் பார்க்க வேண்டும். "என்.டி.எல்.டி.ஆர். இஸ் மிஸ்ஸிங்" (பழைய விண்டோஸைத் துவக்கும் ஃபைலைக் காணவில்லை) என்பதோ மதர்போர்டு சொல்வதே அல்ல. போர்டு தன் வேலையை முடித்து டிஸ்க்கிடம் ஒப்படைத்த பிறகு டிஸ்க்கிலிருந்து வரும் செய்தி அது. அதற்காகப் போர்டை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டு செய்திகளை மட்டும் தயவுசெய்து எஃப் 1 அடித்துக் கடக்காதீர்கள். ஒன்று, "சி.பி.யு. ஃபேன் எரர்": பிராசஸரைக் குளிர்விக்கும் விசிறியின் வேகம் போர்டுக்குச் சரியாகத் தெரியவில்லை. விசிறி கண்ணுக்குச் சுற்றலாம். கேபினெட் விசிறிக்கான முனையில் செருகியிருப்பார்கள், அல்லது தூசி அடைத்து வேகம் குறைந்திருக்கும். இந்தச் செய்தியே வராதபடி செட்டப்பில் அணைத்துவிட்டு அனுப்பிய மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறான வேலை. இன்னொன்று, "ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்". ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணிக்கும் ஏற்பாடு; தன் முடிவு நெருங்குகிறது என்று டிஸ்க்கே சொல்கிறது. விண்டோஸ் நன்றாகத் திறக்கும், எல்லாம் ஓடும், அதனால் ஏமாந்துவிடுவோம். அன்றைக்கே, வேறெந்த சரிபார்ப்பு புரோகிராமையும் ஓட்டாமல், முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

எழுத்து கண்ணில் நிற்காமல் ஓடினால் கீபோர்டில் உள்ள பாஸ்/பிரேக் (Pause/Break) விசையை அழுத்துங்கள். பழைய போர்டுகள் பலவற்றில் திரை அப்படியே நிற்கும். கம்பெனி லோகோ மறைத்தால் டேப் விசையைத் தட்டிப் பாருங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் எதையும் அழுத்துங்கள். செட்டப்பின் பக்கங்களையும் மெஷின் நன்றாக ஓடும்போதே படமெடுத்து வைத்திருப்பது நல்லது.

அந்த அம்மாவின் கேபினெட் மூடியின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தேன்: சாட்டா மோடு ஏ.எச்.சி.ஐ., ஃபிளாப்பி இல்லை, பேட்டரி மாற்றிய தேதி. அடுத்து அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு அது போதும்.