ஆடிக் காற்றும் ட்ரெய்லரின் வாலும்

திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி வரை, தங்கிச் செல்லும் ட்ரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போக ஆசையா? ஊர்களைப் பட்டியல் போடும் முன் காற்றைப் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைத் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. வழி குறுகும்போது காற்றின் வேகம் கூடும். முப்பந்தலிலும் பணகுடி, இராதாபுரம் பக்கங்களிலும் காற்றாலைகள் நெருக்கமாக நிற்பது அதனால்தான். கிழக்கே தேரிகளின் செம்மணலை மேடு மேடாகக் குவித்து வைத்திருப்பதும் காற்றுதான்.

இந்தக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. சாலையோ தென்மேற்காகப் போகிறது. ஆகவே கன்னியாகுமரி நோக்கிப் போகும்போது வண்டியின் வலது முன்பக்கத்தில் சாய்வாக அறையும்.

எவ்வளவு பலமாக? ட்ரெய்லர் 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் பக்கச் சுவரின் பரப்பு 8 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று அதில் நேராக மோதினால், ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு, அதாவது 200 கிலோ. பனங்கூட்டத்தின் மறைவிலிருந்து திடீரென்று வெட்டவெளிக்கு வரும்போது இந்த விசை ஒரே நொடியில் வந்து விழும்.

அப்படி ஒரு தள்ளு விழுந்ததும் ட்ரெய்லர் கொக்கியை மையமாகக் கொண்டு இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது டயர்கள்தான். முன்னால் உருளும் டயர் பக்கவாட்டில் நகரும்போது, அது உருளும் திசைக்கும் நகரும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. அந்தக் கோணம்தான் எதிர்விசையைத் தருகிறது. வண்டி வேகமாகப் போகப் போக, அதே பக்க நகர்வுக்குக் கோணம் சிறுத்துவிடும், எதிர்விசையும் குறையும். ஒரு எல்லையைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். பிறகு ட்ரெய்லர்தான் காரை ஓட்டும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ட்ரெய்லர்கள் நம் ஊரில் இப்படி வாலை வீசாமல் போவதற்கு அவற்றின் மெதுவான வேகம் முக்கியக் காரணம்.

அந்த எல்லை எந்த வேகத்தில் வரும் என்பது பெரும்பாலும் சாமான் அடுக்குபவர் கையில் இருக்கிறது. பாரம் பின்னால் போனால் எல்லை இறங்கிவிடும். அச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் பெரிய விஷயம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை அச்சிலிருந்து அரை மீட்டரில் வைப்பதற்குப் பதில் 2 மீட்டர் தள்ளிக் கடைசியில் வைத்தால், ஆட்டத்துக்கு அது கொடுக்கும் சுழல்நிலைமம், அதாவது சுழலத் தொடங்கியதை எளிதில் நிறுத்தவிடாத தன்மை, 16 மடங்கு. ஆகவே கனமானதெல்லாம் தரையோடு, அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ இருக்கட்டும். வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கினால் கதவோரம் பின்னால் போட்டுவிடாதீர்கள். கிளம்பும்போது சரியாக இருந்த சமநிலை இப்படித்தான் கெடுகிறது.

பாரம் சரியாக அடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கொக்கி மேல் விழும் எடை காட்டிவிடும். அதை வீட்டிலேயே அளக்கலாம். சமதளத்தில் ட்ரெய்லர் சக்கரங்களுக்கு அண்டைக் கல் கொடுத்துவிட்டு, எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கி வழக்கமான உயரத்தில் அதன்மேல் உட்காரும்படி இறக்குங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கி மேல் விழுவது ஐரோப்பிய வழக்கம், 10 முதல் 15 அமெரிக்க வழக்கம். 800 கிலோ ட்ரெய்லருக்கு 7 சதவீதம் என்றால் 56 கிலோ. ஆனால் கார் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச எடையை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது.

ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால், நம் கை ஒரு நொடி பிந்தி ஆட்டத்துக்கே உதவும். வேகத்தைக் கூட்டி இழுத்துவிடலாம் என்ற யோசனை உயிருக்கு ஆபத்து.

சரி, எப்போது கிளம்புவது? விடியற்காலையில். வெயில் ஏறித் தரை சூடானால் காற்று மேலும் கீழும் புரண்டு, உயரத்தில் ஓடும் வேகக் காற்றைத் தரைக்கு இறக்கிவிடும். காற்றாலைகளையும் கவனியுங்கள். அவற்றின் முகம் எப்போதும் காற்று வரும் திசையைத்தான் பார்க்கும். சாலைக்குக் குறுக்கே பார்த்தபடி இறக்கை வேகமாகச் சுற்றினால், 60-ல் போகிறவர் 50-க்கு இறங்கிவிடுவது நல்லது.

இரவு தங்க நிறுத்தும்போது ட்ரெய்லரின் முன்முகம் மேற்கே இருக்கட்டும். ட்ரெய்லரின் அகலமும் 2 மீட்டர் என்றால், காற்றுக்குக் காட்டும் பரப்பு 8 சதுர மீட்டரிலிருந்து பாதியாகும். வெளியே விரித்த துணிக்கூரையைப் படுக்கும் முன் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.