காய்ச்சல் உங்களுக்கு, மாற்று ஆளைத் தேட வேண்டியது யார்?

காலையில் எழுந்தால் காய்ச்சல். மேனேஜருக்குப் போன் செய்து வர முடியாது என்றால், "சரி, உன் ஷிஃப்டுக்கு யாரையாவது பிடித்துக் கொடுத்துவிட்டு லீவ் எடு" என்று பதில் வருகிறது. அமெரிக்காவில் கடையிலோ உணவகத்திலோ மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நாமும் தலைவலியோடு படுத்துக்கொண்டே பத்துப் பேருக்கு மெசேஜ் அனுப்பிக் கெஞ்சுவோம். நியூயார்க், சியாட்டில் போன்ற நகரங்களில் அப்படி ஆள் தேடச் சொல்வதே சட்டவிரோதம் என்பது பலருக்கும் தெரியாது.

இதில் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், தனியார் வேலைக்கு நாடு முழுமைக்குமான சம்பளத்துடன் கூடிய சிக் லீவ் சட்டம் அமெரிக்காவில் கிடையாது. 1993இல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது, ஆனால் சம்பளம் இல்லாமல், அதுவும் குறைந்தது 50 பேர் உள்ள நிறுவனங்களில், ஒரு வருடமாவது வேலை செய்திருந்தால்தான். அந்த ஓட்டையை மாநிலங்களும் நகரங்களும் தனித்தனியாக அடைக்க ஆரம்பித்தன. முதலில் சான் பிரான்சிஸ்கோ, 2006இல் மக்கள் வாக்களித்து 2007இல் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் சியாட்டில் 2012, நியூயார்க் 2014. அதனால் உங்கள் உரிமை என்ன என்பதை நீங்கள் குடியிருக்கும் ஊர் தீர்மானிப்பதில்லை, பெரும்பாலும் நீங்கள் வேலை பார்க்கும் ஊர்தான் தீர்மானிக்கிறது. டெக்சாஸில் இருப்பவர்கள் இதைப் படித்துப் பொறாமைப்படத்தான் முடியும். ஆஸ்டின் நகரம் 2018இல் இப்படி ஒரு விதி கொண்டுவந்தது, நீதிமன்றம் அதை நடைமுறைக்கு வரவே விடவில்லை.

எல்லா ஊரையும் சொன்னால் தலை சுற்றும், நியூயார்க்கையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே 30 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர லீவ் சேரும். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் என்றால் வருடத்துக்கு 56 மணி நேரம் வரை, 5 முதல் 99 பேர் வரை என்றால் 40 மணி நேரம் வரை, இரண்டுமே சம்பளத்துடன். நாலு பேருக்குள் இருக்கும் சின்ன இடத்திலும் 40 மணி நேரம் உண்டு, ஆனால் முதலாளியின் நிகர வருமானம் வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்குக் குறைவாக இருந்தால் அதற்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. "நான் பார்ட் டைம்தானே, எனக்கு எங்கே லீவ்" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரம் 25 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 1,300 மணி நேரம், 30ஆல் வகுத்தால் 43க்கு மேல் வருகிறது, அதாவது 40 மணி நேர உச்சவரம்பையே தொட்டுவிடுகிறீர்கள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை மாதம் ஆகட்டும் என்ற நிபந்தனையும் இப்போது இல்லை, சேர்ந்தது சேர்ந்தபடி எடுக்கலாம்.

உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால்தான் என்றில்லை. வழக்கமான பரிசோதனை, தடுப்பூசி, குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்வது எல்லாம் கணக்கில் வரும். குடும்பம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் நம் ஆட்களுக்கு நன்றாகவே பொருந்தும்: கணவன் மனைவி, பிள்ளைகள், அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, மாமனார் மாமியார் மட்டுமல்ல, இரத்த உறவு எதுவானாலும் சரி. சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்றாலும் எடுக்கலாம். வீட்டில் அடி உதை, யாரோ பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது போன்ற சூழலில் போலீசுக்கோ வக்கீலிடமோ போகவும், வேறு வீடு மாறவும் இதே லீவை எடுக்க 2018 முதல் இடம் உண்டு. டாக்டர் சர்டிபிகேட் கேட்கலாமா? தொடர்ந்து மூன்று வேலை நாட்களுக்கு மேல் போனால்தான் கேட்கலாம், அதிலும் என்ன நோய் என்று எழுதித் தரச் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த விதி இன்னொன்று: எவ்வளவு லீவ் சேர்ந்தது, எவ்வளவு எடுத்தீர்கள், மிச்சம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு சம்பளத்தின்போதும் முதலாளி எழுத்தில் தர வேண்டும். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லை, வேறு எங்கேயும் தரவில்லை என்றால் அதுவே ஒரு மீறல். வேலையை விட்டுப் போகும்போது மிச்சமிருக்கும் சிக் லீவுக்குப் பணம் தர வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை, அதனால் "சேர்த்து வைத்துக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று காய்ச்சலோடு போய் நிற்காதீர்கள்.

அடுத்தது ஷெட்யூல். என்னைக் கேட்டால் சிக் லீவைவிடப் பெரிய தலைவலி இதுதான். அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணி நேரம் வேலை என்றே தெரியாவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரிடம் சொல்வது, வாடகைக்கு என்ன கணக்குப் போடுவது? நியூயார்க்கில் 2017 நவம்பரிலிருந்து இதற்கும் சட்டம் உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை. நாடு முழுக்கக் குறைந்தது 30 கிளைகள் உள்ள ஃபாஸ்ட் ஃபுட் சங்கிலிகள், அப்புறம் குறைந்தது 20 பேர் வேலை பார்க்கும் சில்லறைக் கடைகள், முக்கியமாக இந்த இரண்டு இடத்துக்குத்தான். கிளையை நடத்துபவர் ஃபிரான்சைஸ் எடுத்த தனி முதலாளி என்றாலும் சங்கிலியின் மொத்தக் கிளைகளைத்தான் எண்ணுவார்கள்.

ஃபாஸ்ட் ஃபுட்டில் ஷெட்யூலை 14 நாள் முன்னாலேயே எழுத்தில் தர வேண்டும். மாற்றினால் காசு. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் இருக்கிறது, வியாழன் இரவு "நாளைக்குக் கூட்டம் இருக்காது, வராதே" என்று மெசேஜ் வருகிறது என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் வெட்டியதால் 75 டாலர் தர வேண்டும். அதையே மூன்று நாள் முன்னால் சொல்லியிருந்தால் 45, பத்து நாள் முன்னால் என்றால் 20. மணி நேரத்தைக் கூட்டினாலோ, குறைக்காமல் நேரத்தை மட்டும் மாற்றினாலோ 10 அல்லது 15 டாலர், கூட்டிய நேரத்துக்கு நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்கவும் வேண்டும். நீங்களே கேட்டு மாற்றிக்கொண்டாலோ, புயல், மின்வெட்டு மாதிரி கடையையே திறக்க முடியாத நிலை என்றாலோ இந்தப் பணம் கிடையாது, அது நியாயம்தான்.

இரவு 12 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனவரைக் காலை 6 மணிக்குத் திறக்க வரச் சொல்வதற்கு அங்கே 'க்ளோப்பனிங்' என்றே ஒரு பெயர் இருக்கிறது. இடையில் 11 மணி நேரம் இல்லையென்றால் எழுத்தில் உங்கள் சம்மதமும் வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் 100 டாலரும் வேண்டும். சியாட்டிலில் இந்த இடைவெளி 10 மணி நேரம், குறையும் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. 2021 ஜூலையிலிருந்து நியூயார்க் ஃபாஸ்ட் ஃபுட் ஊழியரை, 30 நாள் சோதனைக் காலம் தாண்டிவிட்டால், சரியான காரணம் இல்லாமல் வேலையை விட்டு எடுக்கவும் முடியாது. வேலையை விட்டு எடுக்காமல் மணி நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வந்து தானாகப் போகவைக்கும் வித்தையும் செல்லாது, 15 சதவீதத்துக்கு மேல் குறைத்தால் அதற்கும் காரணம் காட்ட வேண்டும்.

சில்லறைக் கடைகளுக்கு விதி கொஞ்சம் தளர்வு. 72 மணி நேரம் முன்னால் ஷெட்யூல், "கூப்பிட்டால் வா" என்று காத்திருக்க வைக்கும் ஆன்-கால் ஷிஃப்ட் கூடாது, முக்கியமாக இவைதான்.

காகிதத்தில் சரி, நடக்குமா என்று கேட்பீர்கள். சிபோட்லே என்ற ஃபாஸ்ட் ஃபுட் சங்கிலி இந்த ஷெட்யூல், சிக் லீவ் விதிகளை மீறியதற்காக 2022இல் நியூயார்க் நகரத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் சுமார் 13,000 தொழிலாளர்களுக்கு 2 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. வேலை பார்த்த ஒவ்வொரு வாரத்துக்கும் 50 டாலர் என்று கணக்கு.

ஆதாரம் உங்கள் கையில் இருந்தால் வேலை சுலபம். ஒட்டிய ஷெட்யூலை அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், மாற்றிய பிறகு மறுபடியும் எடுங்கள். மேனேஜர் போனில் சொன்னதை "நாளைக்கு வர வேண்டாம் என்றீர்கள், சரி" என்று ஒரு மெசேஜாகப் போட்டுவிட்டால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். நியூயார்க்கில் நகரத்தின் உதவி எண்ணான 311க்குப் போன் செய்து நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறையைக் கேட்கலாம், சியாட்டிலில் தொழிலாளர் தரநிலை அலுவலகம். நியூயார்க்கில் மீறல் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். சிக் லீவ் விஷயத்தில் 2024 மார்ச்சிலிருந்து நேரடியாக நீதிமன்றத்துக்கே போகவும் வழி உண்டு. விசா என்ன, குடியேற்ற ஆவணம் என்ன என்பது இந்த உரிமைக்குத் தடையில்லை, காகிதம் இல்லாமல் வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும். லீவ் எடுத்ததற்கு வருகைப் பதிவில் புள்ளி குறைப்பது, ஷிஃப்டை வெட்டுவது, குடியேற்றத் துறையிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் பழிவாங்கல், அதற்கும் தனியாகப் புகார் கொடுக்கலாம்.