ஐட்ஸ்: நிறைமதி நாள் கெட்ட நாளான கதை

‘ஐட்ஸ் ஆஃப் மார்ச்’ (மார்ச் 15) என்றதும் ஏதோ சாபம் பிடித்த நாள் என்றுதான் பலருக்கும் தோன்றும். உண்மையில் அந்தச் சொல்லில் எந்தத் தீங்கும் இல்லை.

லத்தீனில் இது ஈதூஸ். ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கு ஐட்ஸ் ஆகிவிட்டது. ரோமானியர்கள் 1, 2, 3 என்று தேதி எண்ணவில்லை. மாதத்தில் மூன்று நாள்களுக்குத்தான் பெயர்: முதல் நாள் கலெண்டே (காலண்டர் என்பது இதன் வழி வந்ததுதான்), 5 அல்லது 7ஆம் நாள் நோனே, நடுவில் ஈதூஸ். மற்ற நாள்களை, அடுத்த பெயருக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கிச் சொல்வார்கள். இரண்டு முனைகளையும் சேர்த்தே எண்ணுவதால் மார்ச் 13 அவர்களுக்கு ‘ஈதூஸுக்கு மூன்றாம் நாள்’. மார்ச், மே, ஜூலை, அக்டோபரில் ஈதூஸ் 15ஆம் தேதி. மற்ற மாதங்களில் 13. ஆக, ஆண்டுக்கு 12 ஐட்ஸ் உண்டு.

இத்தாலியின் பழங்குடிகளான எட்ருஸ்கர்களிடமிருந்தோ சபைன்களிடமிருந்தோ வந்த சொல் இது என்றார் ரோமானிய அறிஞர் வர்ரோ. ‘பிரித்தல்’ என்று பொருள்படும் எட்ருஸ்கச் சொல்லோடு பிற்கால ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியுஸ் இதை இணைத்தார். மாதத்தை இரண்டாகப் பிரிக்கும் நாள் என்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. மாதங்கள் நிலவை ஒட்டி நடந்த பழங்காலத்தில் அது முழுநிலவு நாள். தலைமைக் கடவுள் ஜூபிடருக்கு வெள்ளைச் செம்மறி ஆடு பலியிடும் புனித நாளும்கூட.

மார்ச் மாத ஈதூஸோ கொண்டாட்ட நாள். அன்னா பெரென்னா என்ற தேவதையின் விழா அன்றுதான். எளிய மக்கள் டைபர் ஆற்றங்கரைப் புல்வெளியில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து குடிப்பார்கள். சிலர் மரக்கிளைகளால் குடில் போடுவார்கள். சிலர் நாணல் தண்டுகளை நட்டு, மேலே தங்கள் மேலாடையை விரித்துக்கொள்வார்கள். எத்தனை கோப்பை குடிக்கிறோமோ அத்தனை ஆண்டு ஆயுள் வேண்டும் என்பது வேண்டுதல்.

அப்புறம் வந்தது கி.மு. 44. மார்ச் ஈதூஸில் ஆபத்து என்று ரோமின் ஆட்சியாளர் ஜூலியஸ் சீசரை ஒரு குறிகாரர் முன்பே எச்சரித்திருந்தார். அந்த நாளில் ‘ஈதூஸ் வந்துவிட்டதே’ என்று சீசர் கேலியாகச் சொல்ல, குறிகாரர் ‘வந்துவிட்டது, இன்னும் போகவில்லை’ என்றாராம். அன்றே, தளபதி பாம்பே கட்டிய மண்டபத்தில் 23 குத்துகளோடு சீசர் விழுந்தார். அந்த நாளுக்குத் ‘தந்தைக்கொலை நாள்’ என்று பெயரிட்ட செனட், அன்று இனி கூடுவதில்லை என்றும் முடிவு செய்தது. கொன்ற தரப்புக்கு அது விடுதலை நாள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் வெளியிட்ட வெள்ளிக் காசின் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலையான அடிமை அணியும் தொப்பி, கீழே ‘ஈத் மார்’ என்ற எழுத்து. உலகம் முழுக்க இந்த நாளை எச்சரிக்கையாக்கியது 1599ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? முழுமதியை ‘உவவுமதி’ என்கிறது புறநானூறு. ‘உவாநாள்’ அழகான சொல். ஆனால் உவா அமாவாசையையும் குறிக்கும். சீசர் காலத்தில் ஈதூஸுக்கும் நிலவுக்கும் தொடர்பு விட்டுப்போயிருந்தது. ஆகவே ‘நடுநாள்’ என்பதே என் தேர்வு, வேர்ப்பொருளும் கெடவில்லை. ‘மார்ச் நடுநாள்’ என்று எழுதினால் போதும், ‘கெடுநாள்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். ஆற்றங்கரையில் ஆயுள் கேட்டுக் குடித்தவர்களின் நாளும் அதுதான்.