தமிழ்ச்செல்வன் எத்தனை பேர்?

போன மாதம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏரி தூர்வாரும் ஒரு தொண்டு அமைப்பில் மூன்று வருடமாகத் தன்னார்வலர். ஞாயிறு தவறாமல் மண்வெட்டியோடு போய் நிற்கிறவர். அவருக்குத் திடீரென்று ஒரு வாட்ஸ்அப் செய்தி: “விண்ணப்பித்ததற்கு நன்றி. முதல் முறையாக எப்போது வருகிறீர்கள்?” நடந்தது இதுதான். நடுவில் போன் நம்பரை மாற்றியிருக்கிறார். யாரோ அனுப்பிய கூகுள் ஃபார்மைப் புது நம்பரோடு இன்னொரு முறை நிரப்பியிருக்கிறார். “அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணே கிடையாதா சார்?” என்பது அவர் கேள்வி. பெயர் போட வேண்டாம் என்றார். தமிழ்ச்செல்வன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காரணமாகத்தான் இந்தப் பெயர்.

கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு அவர் இரண்டு பேராகத் தெரிகிறார்.

அமைப்பின் தரவுத்தளம் எப்படி இருக்கும் என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு வரி, அந்த வரிக்கு ஓர் எண். விண்ணப்பித்தது, போனில் பேசியது, பயிற்சிக்கு வந்தது, ஏரிக்கரையில் நான்கு மணி நேரம் நின்றது எல்லாம் இன்னொரு அட்டவணையில் தேதி போட்ட தனித்தனி வரிகள். ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் எண் இருக்கும். நிலையை அழித்து மேலே எழுதாமல் புது வரி சேர்த்துக்கொண்டே போவதுதான் நல்ல பழக்கம். வங்கி பாஸ்புக் மாதிரி. அப்போதுதான் போன வருடம் எத்தனை பேர் பயிற்சியோடு நின்றுபோனார்கள் என்று கேட்டால் பதில் கிடைக்கும். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை.

சூட்சுமம் வேறு இடத்தில் இருக்கிறது. புது விண்ணப்பம் வந்ததும் ‘இவர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறாரா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 20,000 வரி இருந்தால் ஒன்றோடு ஒன்று ஒப்பிட கிட்டத்தட்ட 20 கோடி ஜோடிகள். முதலில் பின்கோடு வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். நூறு சம பங்காகப் பிரிந்தால் ஜோடிகள் 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். அதன் பிறகு பெயர்.

இங்கேதான் 1918-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை வாங்கிய ஒரு தந்திரம் வருகிறது. அதன் இன்றைய வடிவத்தைச் சவுண்டெக்ஸ் என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொள். உயிரெழுத்துகளோடு ஒய், எச், டபிள்யூவையும் தூக்கிப் போடு. மிச்சத்தில் வாயில் ஏறக்குறைய ஒரே மாதிரி பிறக்கிறவற்றுக்கு ஒரே எண் கொடு: பி, எஃப், வி போன்றவை 1, கே, எஸ், எக்ஸ், இசட் போன்றவை 2, டி வகை இரண்டும் (D, T) 3, எல் 4, எம், என் 5, ஆர் 6. நடுவில் உயிரெழுத்து இல்லாமல் அடுத்தடுத்து ஒரே எண் வந்தால் ஒன்றாகச் சுருக்கு. மூன்று இலக்கத்தோடு நிறுத்து. போதாவிட்டால் சுழி சேர். அவ்வளவுதான்.

லட்சுமியை கே-எஸ்-எச் போட்டு எழுதுங்கள், எக்ஸ் போட்டு எழுதுங்கள், இரண்டும் எல்250. அருமை! ஆனால் மலேசியத் தமிழர்கள் எழுதுவதுபோல் டி-சி-எச் போட்டு லெட்சுமி என்று எழுதினால் எல்325 ஆகிவிடும். லட்சுமி காணாமல் போனாள்.

இதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. நியூமராலஜிக்காரர் சொன்னார் என்று குமார் தன் பெயரில் ஓர் ஏ, இரண்டு ஆர் சேர்த்துக்கொண்டு வருவார். கெஜட்டில் போட்டு, விசிட்டிங் கார்டு மாற்றி, காசு செலவழித்திருப்பார். சவுண்டெக்ஸுக்கு அவர் அன்றும் கே560, இன்றும் கே560. பெயரில் எழுத்து கூடினால் கிரகம் அசையும் என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு காப்புரிமைகூட அசைய மாட்டேன் என்கிறது.

நம் வாசகர் மாட்டிக்கொண்டது ழகரத்தில். பழைய விண்ணப்பத்தில் தன் பெயரின் ‘தமிழ்’ பகுதியை எல் போட்டு எழுதினார், குறி டி542. புதிதில் தமிழ்ப்பற்று மேலிட்டு இசட்-எச் போட்டார். இசட்டுக்கு 2, அடுத்து வரும் எஸ்ஸுக்கும் 2, நடுவில் நிற்கும் எச் கணக்கிலேயே இல்லை, ஆகவே இரண்டும் ஒட்டி ஒரே 2 ஆகி, அதன் பின் செல்வனின் எல் வந்து டி524. நாலும் இரண்டும் இடம் மாறியதில் ஒருவர் இருவரானார். நம் பெயர்களுக்கென்றே ஓர் ஒலிக்குறி முறையை ஒழுங்காகச் செய்து, எல்லாத் தொண்டு அமைப்புகளுக்கும் இலவசமாகக் கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்? மொழியியலும் கணினியும் தெரிந்த ஒரு மாணவருக்கு இரண்டு வருட உதவித்தொகை. செயற்கை நுண்ணறிவு மாநாட்டு மேடைப் பூவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி போதும் என்பது என் எரிச்சல்.

சரி, பெயர் மட்டும் போதாது. பிறந்த தேதி, பாலினம், இனிஷியல், போன் எல்லாம் இருக்கின்றன. எதற்கு எவ்வளவு மதிப்பு? கனடாவில் ஹோவர்ட் நியூகோம் என்ற மரபியல் ஆய்வாளர் 1959-இல் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினியால் இணைத்தபோது இதை யோசித்தார். அரிய பெயர் ஒத்துப்போனால் அது பெரிய சாட்சி, ஊரெல்லாம் இருக்கும் பெயர் ஒத்துப்போனால் சின்ன சாட்சி. 1969-இல் இவான் ஃபெலிகி, ஆலன் சன்டர் இருவரும் இதற்கு முழுக் கணிதம் எழுதினார்கள். எனக்கு இதில் தீராத மயக்கம்.

பிறந்த தேதி, பாலினம் போன்ற ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டே கேள்வி. ஒரே ஆளின் இரு பதிவுகள் என்றால் இது ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? சம்பந்தமில்லாத இருவர் என்றால் தற்செயலாக ஒத்துப்போக எவ்வளவு வாய்ப்பு? முன்னதைப் பின்னதால் வகுத்து, விடை இரண்டின் எத்தனையாவது அடுக்கு என்று பார்த்தால் அதுதான் புள்ளி. ஒரு புள்ளி கூடினால் நம்பிக்கை இரட்டிப்பு. பிறந்த நாளும் மாதமும் தற்செயலாகப் பொருந்த 365-இல் ஒரு வாய்ப்பு. தட்டச்சுப் பிழைக்குக் கொஞ்சம் கழித்தால் சுமார் 8.4 புள்ளி. பாலினம் பாதிப் பேருக்குப் பொருந்தும் என்பதால் வெறும் 1. ஆனால் பாலினம் பொருந்தாவிட்டால் நாலரைப் புள்ளி கழிவு. யாரும் அதைத் தவறாக நிரப்புவது அரிது.

நம் ஊரில் இன்னொரு கூத்து. ஐந்து வயது ஆகிவிட்டது என்று காட்ட, பள்ளியில் சேர்த்த தலைமை ஆசிரியரே மே, ஜூனில் ஒரு தேதி போட்டுவிட்ட தலைமுறை இருக்கிறது. பட்டியலில் இருபதில் ஒருவர் ஜூன் 1-இல் பிறந்தவர் என்றால், அந்தத் தேதி பொருந்துவதற்கு 8.4 கிடையாது, 4.2தான். சூத்திரத்தில் ஒன்றும் மாற்ற வேண்டாம். தலைமை ஆசிரியரின் கைவேலையை அதுவே மோப்பம் பிடிக்கிறது!

எத்தனை புள்ளி வந்தால் நம்பலாம்? 20 கோடி ஜோடியில் உண்மையான இரட்டைப் பதிவு 2,000 என்றால் லட்சத்தில் ஒன்று. லட்சம் என்பது கிட்டத்தட்ட இரண்டின் 17-ஆவது அடுக்கு, ஆகவே ஆட்டமே ஏறத்தாழ மைனஸ் 17-இல் தொடங்குகிறது. 17 சேர்த்தால்தான் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் இரண்டு கோடு கிழிப்பார்கள். மேல்கோட்டைத் தாண்டினால் தானாக இணை. கீழ்க்கோட்டுக்குக் கீழே என்றால் விடு. நடுவில் இருப்பதை ஆள் பார்க்கட்டும். தொண்டு அமைப்புகள் பயன்படுத்தும் சிவிசிஆர்எம் என்ற இலவச மென்பொருளிலும் புலத்துக்குப் புள்ளியும் ஒரு வரம்பும் உண்டு. ஆனால் புள்ளியை நிர்வாகியே கையால் போட வேண்டும். பலரும் 5, 10 என்று குத்துமதிப்பாகப் போடுவார்கள். பிரிட்டனின் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஸ்பிளிங்க் தரவிலிருந்தே புள்ளியைக் கணித்துக்கொள்கிறது, அதுவும் இலவசம்தான்.

வாசகருக்குப் பிறந்த தேதி, பாலினம், இனிஷியல் பொருந்தின. பெயர்க்குறியும் போனும் பொருந்தவில்லை. பதினேழுக்குப் பக்கத்தில்கூட வராது. அமைப்பு அவரைப் புது ஆள் என்று நினைத்ததில் குற்றமில்லை.

இந்தக் கணிதத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. ஒவ்வொரு சாட்சியும் தனித்தனி என்று நம்பித்தான் புள்ளிகளைக் கூட்டுகிறோம். நான் சனிக்கிழமைகளில் பட்டியல் பார்த்துக் கொடுக்கும் ஓர் அமைப்பில் ஒரு ஜோடி மேல்கோட்டுக்கும் வெகு மேலே போய் நின்றது. தேதி, இனிஷியல், முகவரி, போன் எல்லாம் ஒன்று. பெயர் திவ்யா, தீபா. ஆங்கிலத்தில் எழுதினால் ‘வ்’வுக்கும் ‘ப’வுக்கும் ஒரே எண், குறியும் ஒன்றேதான். கம்ப்யூட்டர் இருவரையும் இணைத்து, ஒருத்தியின் சேவை மணிகளை இன்னொருத்தி கணக்கில் ஏற்றிவிட்டது. கொடுத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தார்.

“திவ்யாவா, தீபாவா? ரெண்டும் இங்கதான் சண்டை போட்டுக்கிட்டு நிக்குதுங்க. யார்கிட்ட கொடுக்கட்டும் தம்பி?”