இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதா? இலவச டிபி பரிசோதனையும் அதோடு வரும் உரிமைகளும்

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டிபி (காசநோய்) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மாலையில் ஏறும் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, இரவில் வியர்த்துக் கொட்டுவது, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் முழுக்க இலவசம், வருமான வரம்பு கிடையாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போதும். அங்கே கருவி இல்லாவிட்டால் சளியை வாங்கி, கருவி உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள்.

முடிவு தவறாக வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், சளி எடுக்கத் தரும் டப்பாவில் சளிக்குப் பதில் எச்சில் இருப்பதுதான். எச்சிலில் கிருமி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். நோய் இருந்தும் 'இல்லை' என்று தாள் வந்துவிடும். வழக்கமாக இரண்டு மாதிரி கேட்பார்கள்: ஒன்று போன இடத்திலேயே, இன்னொன்று மறுநாள் காலை எழுந்ததும். இரவெல்லாம் நெஞ்சில் தேங்கிய சளி என்பதால் காலைச் சளிதான் நல்ல மாதிரி. பேஸ்ட் போடாமல் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, சற்று நிறுத்தி, பிறகு வெளியே விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் அடிநெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். கெட்டியாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ 2 முதல் 5 மில்லி வேண்டும். நுரையும் தண்ணியுமாக இருந்தால் மறுபடி முயலுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத வெட்டவெளியில் எடுங்கள், கழிப்பறைக்குள் வேண்டாம். மூடியை இறுக்கி அன்றே கொடுத்துவிடுங்கள்.

என்ன பரிசோதனை செய்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிய ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் அதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும். முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்திலேயே சொல்லிவிடும். அதனால் முதல் பரிசோதனையே இதுவாக இருப்பது நல்லது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும், அது மட்டும் போதாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பார்த்து டிபி சொல்லும் கிட்டுகளை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நோய் உறுதியானதும் டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவு செய்து ஒரு எண் தருவார்கள். அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவரும் நோயாளியைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 2012 முதல் உள்ள விதி. பதிவு இருந்தால் தனியாரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை உண்டு. மாதம் 500 ரூபாயாக இருந்த இந்தத் தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். ஆறு மாதச் சிகிச்சைக்கு இரண்டு தவணையாக வரும்: நோய் உறுதியானதும் 3,000, 84 நாள் சிகிச்சை முடிந்ததும் 3,000. பணம் வராமல் நின்றால் முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். நெடுநாள் பயன்படுத்தாததால் முடங்கியிருக்கலாம், ஆதார் இணைக்கப்படாமல் இருக்கலாம். புகாருக்கு 1800-11-6666, கட்டணமில்லா எண்.

தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. புதிய நோயாளிக்கு எடை, உயரம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ், உடல் நிறை குறியீடு (எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ) 14 அல்லது அதற்கும் கீழ், துணையில்லாமல் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், இதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். டிபி மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்தான் நேர்கிறது. சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் எல்லா நோயாளிக்கும் உண்டு.

வீட்டில் உடன் இருப்பவர்களையும் பரிசோதிப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியானால் வராமல் தடுக்கும் மாத்திரை தருவார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதைத் தவறவிடவே கூடாது. சிகிச்சையில் இரண்டு மாதம் முடிந்ததும் நோயாளியின் சளியை மறுபடி பார்ப்பார்கள். அப்போது மைக்ராஸ்கோப்தான் சரி. சிபிநாட் செத்த கிருமியின் மிச்சத்தையும் பிடித்து 'இருக்கிறது' என்று காட்டும்.