ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு நாட்டுக்கே கணக்குச் சொல்வது எப்படி?

"வெறும் ஆயிரம் பேரிடம் கேட்டுவிட்டு மக்கள் இப்படி நினைக்கிறார்கள் என்கிறார்களே, என்னை யாரும் கேட்கவில்லையே?" தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வாசகர்கள் கேட்கும் கேள்வி இது.

பாதிப் பதில் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கல் முறையில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்தால், கிடைக்கும் சதவீதம் நூற்றில் 95 முறை உண்மையிலிருந்து சுமார் 3 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகாது. நாட்டில் ஒரு கோடிப் பேர் இருந்தாலும் நூறு கோடிப் பேர் இருந்தாலும் அந்த 3 மாறுவதில்லை. அதைப் பாதியாக்க வேண்டுமானால் நாலாயிரம் பேர் வேண்டும்.

குலுக்கல் இல்லையென்றால் எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. 1936 அதிபர் தேர்தலுக்கு முன் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜெஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குக் கருத்துச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது பத்திரிகை; 48 மாநிலங்களில் 46ஐ வென்றவர் ரூஸ்வெல்ட். முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து வந்தது. சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களின் மனநிலையும் வேறாக இருந்தது.

இன்றைய சிக்கல் அந்த இரண்டாவது காரணம்தான். குலுக்கலில் சரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அழைத்தால் பலர் போனை எடுப்பதில்லை. கையில் கிடைப்பது ஏதோ ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம். அதை நிமிர்த்தத்தான் புள்ளியியல் மாடல்கள். புள்ளியியலாளர்கள் ஆண்ட்ரூ கெல்மனும் தாமஸ் லிட்டிலும் 1997இல் முன்வைத்த ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் மக்களைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். பாலினம், வயது, கல்வி, மாநிலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கக் கட்டங்கள் பெருகிக்கொண்டே போகும். ஏதாவது ஒரு கட்டத்துக்குள் மூன்றே பேர் சிக்கியிருக்கலாம். மூவரும் 'ஆம்' என்றால், அந்தக் கட்டத்தில் நூற்றுக்கு நூறு ஆதரவு என்று எழுதிவிட முடியுமா? முடியாது. அதற்காக அவர்களை அடியோடு ஒதுக்குவதும் வீண். மாடல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் தேடுகிறது. அந்த மூவரின் பதிலுக்குக் கொஞ்சம் எடை, அவர்களைப் போன்ற மற்றக் கட்டங்கள் காட்டும் போக்குக்கு மீதி எடை.

எவ்வளவு கொஞ்சம் என்பதையும் தரவே சொல்கிறது. ஒரு கட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் மாறுபாடு, கட்டத்துக்குக் கட்டம் இருக்கும் மாறுபாட்டைப் போல 20 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போது n பேர் உள்ள கட்டத்தின் சொந்தப் பதிலுக்கு n/(n+20) எடை. மூன்று பேருக்கு 3/23, அதாவது 13 சதவீதம். ஒத்த கட்டங்களின் போக்கு 40 சதவீதம் என்றால், நம் கட்டத்தின் மதிப்பீடு 100 அல்ல, ஏறக்குறைய 48. இதே கட்டத்தில் 200 பேர் இருந்திருந்தால் 200/220: தன் பதிலே 91 சதவீத எடையோடு நிற்கும். சாட்சி குறைந்த இடத்தில் அக்கம்பக்கத்தைக் கேட்கிறது, நிறைந்த இடத்தில் தன்னை நம்புகிறது. வெறும் கூட்டலும் வகுத்தலும் இவ்வளவு விவேகமாக நடந்துகொள்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பீட்டையும், உண்மையில் அந்தக் கட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும்.

2012 அமெரிக்கத் தேர்தலின்போது கெல்மன் உள்ளிட்ட நால்வர் இதற்கு ஒரு கடும் சோதனை வைத்தார்கள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாகச் சுமார் மூன்றரை லட்சம் பேரிடம் கருத்துக் கேட்டார்கள். 93 சதவீதம் ஆண்கள். 65 சதவீதம் பேர் 18–29 வயதினர். வாக்களித்தவர்களில் அந்த வயதினர் 19 சதவீதம்தான். திருத்தாத தரவு, ஒபாமாவை எதிர்த்து நின்ற ராம்னி அமோகமாக வெல்வார் என்றது. 1,76,256 கட்டங்களாகப் பிரித்து, 2008 தேர்தலின் வாக்குச்சாவடி வாசல் கணிப்பிலிருந்து கட்டங்களின் அளவை எடுத்துத் திருத்தியபோது, முன்னணிக் கருத்துக்கணிப்புகளின் சராசரியை ஒட்டி வந்தது முடிவு. வென்றவர் ஒபாமா.

கட்டங்களின் அளவு பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் வரும். அதற்கான பணத்தை வெட்டும் அரசுகள், வேலையின்மை முதல் நோய்ப்பரவல் வரை எல்லா மாதிரிக் கணக்கெடுப்புகளின் அடித்தளத்தையும் சேர்த்தே வெட்டுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கட்டம் பிரிக்கும்போது விட்டுப்போன பண்பை இந்த மாடலாலும் சரிசெய்ய முடியாது. 2016இல் அமெரிக்க மாநிலக் கணிப்புகள் பல ட்ரம்ப்பின் ஆதரவைக் குறைத்துக் காட்டியதற்கு ஒரு காரணம் இதுதான்: பட்டதாரிகள் கூடுதலாகப் பதில் சொல்லியிருந்தார்கள், அந்தக் கணிப்புகள் கல்வியைக் கணக்கில் எடுத்துத் திருத்தவில்லை.